கேட் மூடும் வரை எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இது இரண்டாவது முறை

நூலகத்து மாடி
3 ஆகஸ்ட் 2025, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி. இன்று நானே எழுத வேண்டியதாகிவிட்டது. வயது 30, பி.எஸ்சி. கணக்கு, ஊர் சங்கரன்கோவில் பக்கம். 2019-லிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன்.

ஜூலை 12-ம் தேதி குரூப் 4. என் சென்டர் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலை 8.10-க்கே போய்விட்டேன். ஹால் டிக்கெட், ஆதார் நகல், கருப்பு பால்பாயின்ட் பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில், எல்லாம் இருந்தது. பள்ளிக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

எட்டரைக்கு மேல் கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரு பெண் கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்து குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓடினாள். அப்போது மணி 8.50. நான் இரண்டாவது டீ சொன்னேன். 9 மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? 8.57-க்கு எழுந்து காசு கொடுத்தேன். கடைக்காரர் சில்லறை தேடினார். "மெதுவாக் குடுங்கண்ணே, அவசரமில்ல" என்றேன். அதைச் சொன்னது என் வாய்தான்.

9 மணிக்கு கேட்டைச் சாத்தினார்கள். இரும்பு கேட், அடியில் சக்கரம் சிமெண்டில் உரசுகிற சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. தாமதமாக வந்த ஒரு பையன் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிப்போய்க் கெஞ்சினான். நான் கெஞ்சக்கூடப் போகவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஒரு வாரமாக வயிற்றில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டது. நன்றாகப் பசித்தது. இரண்டு பருப்பு வடை சாப்பிட்டேன்.

அப்புறம் 12.30 வரை எங்கே போவது? பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன், கோவிலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். தேர்வு முடிந்து வந்த ஒரு பையனிடம் கேள்வித்தாளைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நீங்களே வச்சுக்கோங்கண்ணே, எனக்கு வேணாம்" என்று கையில் திணித்துவிட்டுப் போனான். வீட்டில் காட்ட ஒன்று கிடைத்தது.

அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார். கூலிக்காரர் பகலில் தறியை நிறுத்துவதென்றால் சும்மா இல்லை. "எப்படிய்யா எழுதுன?" என்றார். "பரவாயில்லப்பா. தமிழ்தான் கொஞ்சம் கஷ்டம்" என்றேன். வெளியே வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் புலம்பிக்கொண்டு போனார்கள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தமில்லாத அரை நிமிஷம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி அந்தக் கேள்வித்தாளை எடுத்து மூன்று மணி நேரம் வைத்துப் போட்டேன். விடைக்குறிப்பு வந்ததும் சரிபார்த்தேன். 200-க்கு 158. இந்த 158-ஐ யாரிடம் போய்ச் சொல்ல?

போன வருஷமும் இதே கதைதான். 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. பஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் "வர்றியா இல்லையா"ன்னு கேட்கக்கூடச் செய்தார்.

முன்னால் நான் இப்படி இல்லை. 2019-ல் சும்மா எழுதிப் பார்த்தேன், தேறவில்லை, கவலையும் இல்லை. கொரோனாவில் இரண்டு வருஷம் குரூப் 2, குரூப் 4 தேர்வே இல்லை. 2022-ல் குரூப் 2 முதல்நிலையில் போனது. அதே வருஷம் ஜூலை 24-ல் குரூப் 4. அதில் வெறி பிடித்த மாதிரி படித்து எழுதினேன். விடைக்குறிப்பைப் பார்த்துவிட்டு வேலை கிடைத்துவிட்டது என்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24-ல், எட்டு மாசம் கழித்து. அதுவரை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "தம்பி வி.ஏ.ஓ. ஆகப்போறாரு" என்றுதான் அறிமுகம். ஒரு பெண் வீட்டில்கூடப் பேசி வைத்திருந்தார்கள். ரேங்க் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் சான்றிதழ் பதிவேற்றப் பட்டியல் வந்தபோது அந்தப் பி.டி.எஃப்.பில் என் பதிவெண்ணைப் போட்டுத் தேடிக்கொண்டே இருந்தேன். பத்து எண்ணில் ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி மறுபடி அடித்தேன்.

ரிசல்ட் அன்றைக்கு மாமா நெல்லையிலிருந்து அரைக் கிலோ அல்வாவோடு வந்திருந்தார். அல்வா! பொருத்தத்தைப் பாருங்கள். யாரும் பிரிக்கவில்லை. டி.வி. ஸ்டாண்டு மேலேயே இருந்தது. காகிதத்தில் எண்ணெய் ஊறி ஊறி அந்த மரப்பலகையில் ஒரு கறை விழுந்துவிட்டது. இன்னும் இருக்கிறது. பெண் வீட்டில் "வேலை வந்ததும் பார்ப்போம்" என்றார்கள். அவளுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது.

இப்போது குரூப் 2, 2A அறிவிப்பு வந்திருக்கிறது. விண்ணப்பிக்க ஆகஸ்ட் 13 கடைசி. தேர்வு செப்டம்பர் 28. இலவச வாய்ப்பு மூன்றும் எனக்குத் தீர்ந்துவிட்டது, 100 ரூபாய் கட்ட வேண்டும். கட்டிவிட்டு இன்னொரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம். கட்டாமலே விட்டால்? அதுவும் அதே டீக்கடைதானே? சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேருக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், மாசம் ஏழாயிரம் வருகிறது. இப்படியே இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

இந்த மாதிரி யாருக்காவது இருந்திருக்கிறதா? இல்லை நான் மட்டும்தானா?

*

மாட்டுத்தாவணி
4 ஆகஸ்ட், காலை 7:05

சகோ, கோபப்படாதீங்க. ஆறு வருஷம் படிச்சாச்சு. போதும். நானும் 2017-லிருந்து இரண்டு வருஷம் மதுரையில் ரூம் எடுத்து இதே பாட்டைப் பாடினவன்தான். விட்டுட்டு வாட்டர் பியூரிஃபையர் விற்கப் போனேன். ஒரு நாளைக்கு 40 வீட்டு பெல் அடிச்சா 35 வீட்டில் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியா "வேணாம்ப்பா". ஒரு அம்மா நாயையே அவிழ்த்து விட்டாங்க. முதல் வாரம் ரூமுக்கு வந்து அழுதேன். மூணாவது மாசம் ஜன்னலில் கை தெரிஞ்சதுமே அடுத்த வீட்டுக்கு நடக்கப் பழகிட்டேன். இப்போ என்கிட்ட எட்டுப் பேர் வேலை பார்க்கிறாங்க.

நீங்க பயப்படுறது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ஒரே ஒரு "வேணாம்"க்கு. ஒண்ணே ஒண்ணு வந்தா அது மலை மாதிரிதான் தெரியும். தினம் நாற்பது வாங்கிப் பாருங்க.

*

நூலகத்து மாடி
4 ஆகஸ்ட், காலை 8:30

கோபம் இல்லை அண்ணா. ஆனால் விட்டுவிட்டுப் போவதற்கும் ஓடிப்போவதற்கும் எனக்கு இப்போது வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் பிரச்சனை. நீங்கள் தேர்வு எழுதி, ரிசல்ட் பார்த்து, போதும் என்று விட்டீர்கள். நான் கேட்டைத் தாண்டவே இல்லையே.

*

தமிழ்ப்பித்தன்
4 ஆகஸ்ட், காலை 9:12

நண்பா, ஆள்வினையுடைமை அதிகாரத்தைத் தினமும் காலையில் ஒரு முறை வாசியுங்கள். எல்லாம் சரியாகும்.

*

நூலகத்து மாடி
4 ஆகஸ்ட், காலை 9:20

62-வது அதிகாரம், பொருட்பால், அரசியல். மன்னிக்கவும் ஐயா, எனக்குக் குறள் எல்லாம் இப்போது நான்கு ஆப்ஷனோடுதான் ஞாபகம் வருகிறது.

*

பழைய தட்டச்சு
4 ஆகஸ்ட், இரவு 10:15

தம்பி, பிள்ளைகள் தூங்கட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நான் டெல்டா பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். 2012 ஜூலை 7-ல் நடந்த குரூப் 4-ல் தேறி இளநிலை உதவியாளராக வந்தவள். அது எனக்கு ஐந்தாவது தேர்வு. நீ கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாய். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டே வெளியில் இருந்தவள். எப்படி என்று சொல்கிறேன்.

நான்காவது தேர்வில் 38 கேள்விக்கு விடை குறிக்காமல் வந்தேன். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இருந்த பெண் தெரியாததற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு "சி" போட்டாள். என்னால் முடியவில்லை. பேனா முனையை வட்டத்தின் மேல் வைப்பேன், கை நடுங்கும், எடுத்துவிடுவேன். தப்பாகக் குறித்தால் நான் முட்டாள் என்று எழுத்தில் கொடுத்த மாதிரி. காலியாக விட்டால் "எழுதவில்லை, அவ்வளவுதான்" என்று ஒரு கௌரவம். அந்தத் தாளை ஒரு மிஷின்தான் திருத்தப் போகிறது, அது என்னைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை என்று அப்போது புத்தியில் ஏறவில்லை. உன் டீக்கடையும் என் காலி வட்டமும் ஒன்றுதான் தம்பி. எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. உன் 158 அந்த இடம்.

இப்போது அந்த வசதிகூட இல்லை. விடைத்தாளில் ஐந்தாவதாக "இ" வட்டம் வைத்துவிட்டார்கள், "விடை தெரியவில்லை" என்று. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று அதைக் கருப்பாக்க வேண்டும், சும்மா விடக்கூடாது. 2019 குரூப் 4 முறைகேட்டுக்குப் பிறகு வந்தது அது. காலி வட்டத்தைப் பின்னால் வேறு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்தார்கள். எனக்கென்னவோ என்னை மாதிரி ஆட்களுக்காகவே வைத்த மாதிரி இருக்கிறது.

ஐந்தாவது தேர்வுக்கு என்ன மாற்றினேன் என்று கேட்பாய். படிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை, அதே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகம்தான். மாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, என் நாத்தனாரிடம் உண்மையைச் சொன்னேன். கணவரிடம் சொல்லவில்லை, அவர் தாங்கமாட்டார், அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். நாத்தனார் வாயாடி. "38 விட்டியா? அடிப்பாவி, கண்ண மூடிக் குத்தியிருந்தாலே ஒம்பது பத்து தேறியிருக்குமே" என்று ஒரு மணி நேரம் சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்குப் பாதி இறங்கிவிட்டது. தேர்வன்று கேட் வரை கூடவே வந்தாள். நான் உள்ளே போகிற வரை நகரமாட்டேன் என்று நின்றாள். உனக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும். உன்மேல் ரொம்ப நம்பிக்கை வைத்திருப்பவர் வேண்டாம், உன்னைக் கிண்டல் செய்யக்கூடிய ஆள் வேண்டும். அக்கா தங்கை யாராவது இருக்கிறார்களா?

இரண்டாவது, ரிசல்ட் தேதியை யாருக்கும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என்ன வேலை என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்தேன். ரேஷனில் சர்க்கரை வாங்க வேண்டும், அப்புறம் மாவு அரைக்க வேண்டும். தேறினாலும் மாவு அரைக்கத்தான் வேண்டும், தேறாவிட்டாலும் அரைக்கத்தான் வேண்டும். தேறினேன். மாவும் அரைத்தேன். அன்றைக்கு இட்லி கல்லு மாதிரி வந்தது என்பது வேறு விஷயம்.

வேலை கிடைத்தால் இந்தப் பயமெல்லாம் போய்விடும் என்று நினைக்காதே. உள்ளே வந்தால் துறைத் தேர்வு இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை. அக்கவுண்ட் டெஸ்ட்டில் நான் இரண்டு தடவை போனேன். புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம், அப்படியும் போனேன்! ரிசல்ட்டை எங்கள் தலைமை எழுத்தர் செக்‌ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். எனக்கு அடுத்த சீட்டுக்காரர், ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறவர், "எனக்கு ஏழு தடவைம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். தினமும் மேலே அனுப்புகிற கோப்பில் பாதி "மறுசமர்ப்பிக்கவும்" என்று திரும்பி வரும். முதல் வருஷம் ஒவ்வொன்றுக்கும் கண் கலங்கும். இப்போது எந்தப் பத்தியில் என்ன கேட்டிருக்கிறார் என்று பார்த்து, திருத்தி, அடுத்த நாளே வைத்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். டியூஷன் பிள்ளைகளிடம் பரீட்சைக்கு முந்தின நாள் என்ன சொல்லி அனுப்புவாய்?

*

நூலகத்து மாடி
4 ஆகஸ்ட், இரவு 11:02

அக்கா, "விடை வரலைன்னாலும் தெரிஞ்ச வரைக்கும் போட்டுட்டு வா, ஸ்டெப்ஸுக்கு மார்க் உண்டு" என்று சொல்வேன்.

இதை அடித்துவிட்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒருத்தி இருக்கிறாள். கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கிண்டல் செய்வாள், அதில் சந்தேகமே இல்லை.

*

இரவுப் பணி
5 ஆகஸ்ட், அதிகாலை 3:48

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியர். வார்டு இப்போதுதான் அமைதியானது.

கேட் மூடியதும் நிம்மதி வந்தது, பசித்தது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, மொத்தக் கதையிலும் முக்கியமான இடம் அந்த வடைதான். பயந்த இடத்திலிருந்து விலகியதும் உடம்பு பரிசு கொடுத்துவிட்டது. "இது வேலை செய்கிறது, அடுத்த முறையும் இதையே செய்" என்று மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. 2024-ல் பஸ்ஸை விட்டீர்கள். 2025-ல் பஸ் ஏறி, சென்டர் வரை போய், கேட்டை விட்டீர்கள். இதை நீங்கள் பின்னடைவாகப் பார்க்கிறீர்கள். எனக்கு நீங்கள் முக்கால் மணி நேரப் பயண தூரம் முன்னால் வந்திருப்பதாகத் தெரிகிறது. ரோட்டைக் கடப்பதுதான் பாக்கி.

1978-ல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குப் பெரும்பாலும் விடையே கண்டுபிடிக்க முடியாத கேள்விகளைக் கொடுத்து, குருட்டாம்போக்கில் எழுதியதற்கு "பிரமாதம்" என்று சொன்னார்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று விளக்கம். எப்படி ஜெயித்தோம் என்றே தெரியாமல் ஜெயித்தவர்களில், குறிப்பாக ஆண்களில், நிறையப் பேர் மந்தமாக்கும் மாத்திரையைத்தான் கேட்டார்கள். தோற்றால் மாத்திரைமேல் போட்டுவிடலாமே. ரிசல்ட் வருவதற்கு முன்பே எட்டு மாசம் ஊரே உங்களை வி.ஏ.ஓ. என்று கூப்பிட்டது. இந்தச் சோதனையைப் படித்தபோது வராத தெளிவு உங்கள் அல்வாக் கதையில் எனக்கு வந்தது.

மாட்டுத்தாவணி சார் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். சின்னச் சின்ன அளவில் பழகுவது சரி, உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் நாய் அவிழ்த்துவிடுகிற வீட்டில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் மாதிரித் தேர்வு வைக்கிறார்கள், இலவசம். முதல் வாரம் போய் விடைத்தாளில் பெயரும் எண்ணும் நிரப்பிவிட்டு உட்கார்ந்திருங்கள், போதும். அடுத்த வாரம் பாதி. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். எழுந்து வராமல் அங்கேயே இருந்தால் அந்தப் படபடப்பு தானாக இறங்குவதை நீங்களே பார்க்கலாம். அதை ஒரு முறையாவது உடம்பு பார்க்க வேண்டும். வீட்டு விசிறிக்கு அடியில் 158 வாங்கினால் அது நடக்காது.

இன்னொன்று. ஆறு வருஷம் தோற்றேன் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். எழுதியது மூன்று தேர்வு, அதில் ஒன்று சும்மா. முழு மூச்சாக எழுதித் தோற்றது 2022-ல் மட்டும்.

தூக்கம், சாப்பாடு எப்படி? இருந்து என்ன பயன் என்ற மாதிரி எண்ணம் வருகிறதா? வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். இதை எல்லாரிடமும் கேட்பேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

*

மாட்டுத்தாவணி
5 ஆகஸ்ட், காலை 7:20

சிஸ்டர், பாதி சம்மதம் போதும். சகோ, அந்த "ஓடிப்போறதுக்கும் விடுறதுக்கும் வித்தியாசம் தெரியல"ன்னு நீங்க எழுதினது ராத்திரி முழுக்க மண்டையில் ஓடுச்சு. உண்மையைச் சொல்லணும்னா, 2019 குரூப் 4-க்கு எனக்கும் ஹால் டிக்கெட் வந்தது. நான் போகல. விற்பனை டார்கெட் இருக்குன்னு சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன டார்கெட்?

*

நூலகத்து மாடி
11 ஆகஸ்ட், இரவு 9:55

ஒரு வாரமாகக் காணோம் என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு நன்றி. இரவுப் பணி அக்கா, தூக்கம் முன்னைவிடப் பரவாயில்லை. நீங்கள் கேட்ட மாதிரி எண்ணம் எதுவும் இல்லை. எண்ணை மட்டும் போனில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த மாதிரியே "ரெண்டு வடையா? சட்னி இருந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்பாகிட்ட நீயே சொல்லணும், நான் சொல்லமாட்டேன்" என்றாள். அதற்கு நான்கு நாள் ஆனது.

சனிக்கிழமை தறி ஷெட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடலாம், காதில் விழுந்த வரை விழட்டும் என்று ஒரு கணக்கு போட்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சொன்னேன். ரெண்டு வருஷத்தையும் சொன்னேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ அந்தக் கேள்வித்தாளு?"

"ஒரு பையன் குடுத்தான்ப்பா."

"அவனுக்கு வேணாமாமா?"

"வேணாம்னு குடுத்துட்டுப் போயிட்டான்."

கொஞ்ச நேரம் தறியில் இருந்த பாவு நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ள போயி எழுதுனவன் வேணாம்னு தூக்கிப் போட்டுட்டுப் போறான். நீ அதக் கொண்டாந்து வீட்ல வச்சு எழுதியிருக்க" என்றார். திட்டினாரா, ஆச்சரியப்பட்டாரா என்று குரலில் தெரியவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது வழக்கம்போல மோர் ஊற்றச் சொன்னார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று பயிலும் வட்ட மாதிரித் தேர்வுக்குப் போனேன். பெயர் மட்டும் நிரப்பிவிட்டு உட்காரலாம் என்றுதான் போனேன். முதல் இருபது நிமிஷம் உள்ளங்கை வியர்வையில் தாள் ஓரம் நனைந்துவிட்டது, கைக்குட்டையை அடியில் வைத்துக்கொண்டேன். நாற்பதாவது கேள்விக்குப் பக்கத்தில் எங்கேயோ வியர்வை நின்றிருக்கிறது, எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. பாதியில் எழவில்லை. "இ" வட்டம் 17. மொத்தம் 131. வீட்டில் வாங்கிய 158-க்கு எவ்வளவு கீழே பாருங்கள். பலகையில் பெயரோடு எழுதிப் போட்டார்கள், நான் பதினொன்றாவது. பார்த்தேன், ஒரு மாதிரி இருந்தது, வந்து டியூஷன் எடுத்தேன்.

இன்று மதியம் 100 ரூபாய் கட்டிவிட்டேன். செப்டம்பர் 28 காலையில் அக்கா கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாளாம். டீ வேண்டுமென்றால் ஃபிளாஸ்க்கில் போட்டுக் கொண்டுவருவாளாம், கடைப்பக்கம் போகக் கூடாதாம்.

*

பழைய தட்டச்சு
11 ஆகஸ்ட், இரவு 10:20

நல்லது தம்பி. விண்ணப்பத்தில் போட்டோவும் கையெழுத்தும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பி.டி.எஃப்.பைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடு. நாளன்னைக்குத்தான் கடைசி நாள்.